ஏழாவது மாடி வரை மட்டும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது மகத்தான கண்டுபிடிப்பை எங்கள் நிறுவனம்தான் செய்ய வேண்டியிருந்தது: ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளத்தை, கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாமல் குறைப்பது. பணியாளர் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

முறை எளிது. அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கையை ஒட்டுவோம். அதன் மேல் ரத்த தான அறிவிப்பு. அதற்கும் மேல், காணாமல் போன குடை பற்றிய அறிவிப்பு. ஏழு நாளில் எழுத்து மூலம் மறுக்காதவர் 'மனமுவந்து ஏற்றவர்'. ஒருவர்கூட மறுத்ததில்லை. எப்பேர்ப்பட்ட ஒற்றுமை!

லிஃப்ட் மெக்கானிக்காக ஒரு பெண் சேர்ந்தார். முதல் மாதம் கைக்கு வந்தது, பேசிய சம்பளத்தில் பத்தில் ஏழு பங்கு. நேரே மேலாளரிடம் வந்தார்.

"சார், மீதி மூணு பங்கு எங்க? அதுதான் என் வீட்டு வாடகை."

"எங்கயும் போகலம்மா. 'சீரமைச்சிருக்கோம்'. போர்டுல போட்டோமே, பாக்கலையா?"

"குடைக்கு அடியிலயா சார்?"

"அடியில இருந்தாலும் போர்டு போர்டுதானே!"

அவர் சண்டை போடவில்லை. "புரிஞ்சுது சார்" என்று போய்விட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எட்டாம் நாள் காலை, பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் ஏழாவது மாடிக்கு மேல் போக மறுத்தது. மேலாளரின் அறை பத்தாவது மாடியில். அவருடையதோ, லிஃப்ட்டுக்கே மூச்சு வாங்கும் உடம்பு. மூன்று மாடி ஏறி வந்தபோது அவர் டை முதுகுப் பக்கம் போயிருந்தது. உடனே அவசரக் கூட்டம். குறிப்பெழுதும் பாக்கியம் எனக்கு.

"ஏம்மா, லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்ல சார், 'சீரமைச்சிருக்கேன்'. பத்துல ஏழு. போர்டுலகூட போட்டேனே, ரத்த தானத்துக்கு அடியில. ஏழு நாளா யாரும் மறுக்கல."

மேலாளர் மேசையில் ஓங்கி அடித்தார். "பத்து மாடிக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு, கேக்காம கொள்ளாம நீயா ஏழாக் குறைப்பியா? இதுக்குப் பேரு திருட்டு!"

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, சார் சொன்னத அப்படியே எழுதிக்கோங்க. எனக்கு ஒரு நகல் வேணும், தொழிலாளர் அலுவலகத்துல குடுக்கணும்."

மறுநாளே முழுச் சம்பளமும் வந்தது. லிஃப்ட்டும் பத்தாவது மாடிக்குப் போனது.

இத்தனை வருடம் 'சீரமைப்பு', 'மனமுவந்த ஏற்பு' என்றெல்லாம் திணறிக்கொண்டிருந்த எங்கள் வேலைக்குச் சரியான பெயரை மேலாளரே சொல்லி, குறிப்பில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதை முப்பத்தொரு வருடம் ஒழுங்காகச் செய்ததற்குத்தான் எனக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது.