பின்வளவுக்கு வந்த ரோஸ் நிறக் குருவி

பைனாகுலர் வாங்கிய அன்றே சிலருக்குக் கண் தெரியாமல் போய்விடுகிறது. நான் அப்படிப் போனவன். (அதிலும் விஞ்ஞான ஆசிரியர். வெட்கக்கேடு.)

மருதமுனையில் எங்கள் வீட்டுப் பின்வளவில், முருங்கைக் கிளையில் சிரட்டை ஒன்றைத் தொங்கவிட்டுக் குறுணல் அரிசி போட்டு வந்தேன். ஏப்ரல் மாதம், வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்பும் காலம். ஒருநாள் காலையில் தலையும் நெஞ்சும் ரோஸ் நிறமாக ஒரு குருவி வந்து குந்தியது. பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். ரோஸ்பிஞ்ச் என்று ஓர் இமயமலைப் பறவை. இலங்கைக்கு அது வருவதாக எழுதியிருக்கவில்லை. பிழை புத்தகத்தில்தான் என்று முடிவுகட்டினேன்.

மனைவி பரீதா எட்டிப் பார்த்து, "இது நம்மட ஊர்க்குருவி மாதிரிக் கிடக்கே" என்றாள். படிக்காதவர்களோடு என்ன கதை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். (அவள் கணிதப் பட்டதாரி.)

கலங்கலான ஒரு படத்தைக் கொழும்பிலிருந்த, வேலையிலிருந்து இளைப்பாறிய டொக்டர் ஒருவருக்கு அனுப்பினேன். ஆயுள் முழுக்கப் பறவைகளின் பின்னால் அலைந்த மனிதர். சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அதுவரை பின்வளவில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். அடுத்த வளவில் கைத்தறி நடத்தும் ஹனிபா காக்காவிடம் போய், தறிச் சத்தத்துக்குப் பறவை வெருளும், இரண்டு நாளைக்கு வேலையை நிறுத்துங்கள் என்றேன். (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன், பறவையல்ல.) கெஞ்சவில்லை, உத்தரவிட்டேன். அந்த நல்ல மனிதர் நிறுத்தினார்.

சனிக்கிழமை, எட்டு மணித்தியாலம் பயணம் செய்து வந்த டொக்டர் குசினி ஜன்னலருகே உட்கார்ந்தார். ரோஸ் குருவி வந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து குந்தியது. வயிறு முழுக்கப் பச்சை. பிறகு மூன்றாவது, பாதி சிவப்பு, பாதி பச்சை.

டொக்டர் பைனாகுலரை இறக்கினார். "சேர், அந்தப் பச்சை என்ன இனம்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

நான், எழுதவே கை கூசுகிறது, புத்தகத்தை எடுத்தேன்.

அப்போது மதிலுக்கு மேலே ஹனிபா காக்காவின் தலை தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்க சேர். போன கிழம நூலுக்குப் போட்ட சிவப்புச் சாயத்துக்குள்ள ஒரு குருவி விழுந்திச்சி. இப்ப வேல நிண்டதால பச்சச் சாயத் தொட்டிக்கிட்ட ஆளில்ல, எல்லாம் இறங்கிக் குளிக்கிது. பயப்பட ஒண்டுமில்ல, கழுவினாப் போயிரும்."

டொக்டர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பகல் சாப்பாட்டில் இருமுறை சோறு கேட்டு வாங்கினார். ஹனிபா காக்காவிடம் உடுத்த இரண்டு கைத்தறிச் சாரன் வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடியே வாகனத்தில் ஏறினார்.

அன்றிலிருந்து நான் வீட்டில் எந்தச் செய்தி சொன்னாலும் பரீதாவிடமிருந்து ஒரே கேள்விதான். போன மாதம் பரீதாவின் மூத்த சகோதரர் எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வந்தார். பொடியன் தங்கம், குணம் இப்படி, நிறம் அப்படி என்று அரைமணி நேரம் புகழ்ந்தார். பரீதா பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"ஓம் காக்கா. கழுவிப் பாத்தீங்களா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் சிரித்த சிரிப்பில் நான் மெல்ல எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன். தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.