பாத்ரூம் தாழ்ப்பாளும் ஆயத்தக் கமிட்டியும்

விபத்து என்பது முன்னேற்பாடு இல்லாதவர்கள் வீட்டில்தான் நடக்கும். முன்னேற்பாடு உள்ளவர்கள் வீட்டில் நடப்பதற்கு "ஒத்திகை" என்று பெயர். இந்த மகத்தான உண்மையை மனித குலத்துக்கு எடுத்துச் சொன்னவர் யாரோ மேல்நாட்டு விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். மைசூர் விஜயநகரில், பார்க்குக்கு எதிர்த்த கார்னர் வீட்டில் குடியிருக்கும் ஸ்ரீமான் கைலாசநாதன் அவர்கள்தான். மத்திய சர்க்கார் உத்தியோகம். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத்தான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் பக்கத்து கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், ஒரு வீட்டில் குக்கர் வெயிட் பறந்து போய் கூரையில் மோதி, திரும்பி வந்து சாம்பாரில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாம்பாரும் நன்றாக இருந்ததாகவே கேள்வி. ஆனால் என் கணவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டு ஹாலில் "விஜயநகர் இல்லப் பாதுகாப்பு ஆயத்தக் கமிட்டி" உதயமாயிற்று. தலைவர் அவர். பொருளாளர் எதிர்வீட்டு நஞ்சுண்டசாமி, ரிட்டயர்ட் கன்னட வாத்தியார். ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் கொள்ளேகாலத்து ரத்தினசாமி செயற்குழு உறுப்பினர். இன்னும் நாலைந்து பேர் பெயரில்லாமல் வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சிற்றுண்டித் துறை என்னுடையது. அந்தப் பதவிக்கு மட்டும் தேர்தல் வைக்கவில்லை, ஏகமனதாகத் தள்ளிவிட்டார்கள்.

கமிட்டி வந்த பிறகு எங்கள் வீடு அடைந்த முன்னேற்றத்தைச் சொல்லி மாளாது. ஹாலில் சோபா இருந்த இடத்தில் சிவப்பு பெயிண்ட் அடித்த மணல் வாளிகள். வந்தவர்கள் வாளிமேல் உட்கார்ந்துகொண்டார்கள். அறைக்கு ஒரு விசில். முதலுதவிப் பெட்டி ஒன்று வந்தது. யாராவது எடுத்து உபயோகித்துவிடப் போகிறார்களே என்று அதைப் பூட்டி, சாவியைப் பொருளாளரிடம் ஒப்படைத்தார். ஒரு நாள் அரிவாள்மணையில் என் விரல் வெட்டுப்பட்டபோது நஞ்சுண்டசாமி குடும்பத்தோடு தர்மஸ்தலா போயிருந்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே மஞ்சள் பொடி வைத்துக் கட்டிக்கொண்டேன். பெட்டி அடி படாமல் பத்திரமாக இருந்தது.

கமிட்டியின் தலைசிறந்த தீர்மானம் மொழி பற்றியது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கன்னடக்காரர்கள். ஆபத்து நேரத்தில் நாம் தமிழில் கத்தினால் ஒத்தாசைக்கு யார் வருவார்கள்? ஆகவே இனி இந்த வீட்டில் நேரும் சகல ஆபத்துகளும் கன்னடத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். தீ என்றால் "பெங்கி". பாம்பு என்றால் "ஹாவு". புகை என்றால் "ஹொகெ". நான் இதே ஊரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்கு இதை வாராவாரம் பாடமாக நடத்தினார் என் கணவர்.

அவருடைய கன்னடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் தஞ்சாவூர்க்காரர். மாற்றலாகி இங்கே வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுத்தெல்லாம் தெரியும். குறில் நெடிலில் மட்டும் அவர் பேதம் பார்ப்பதில்லை. பால் பூத்தில் போய் நின்று, "அர்த்த லிட்டர் ஹல்லு கொடி" என்று கேட்பார். "ஹாலு" என்றால் பால், "ஹல்லு" என்றால் பல். பூத்துக்காரர் நல்ல மனுஷர். பதினைந்து வருஷமாக அரை லிட்டர் பல் கேட்டவருக்குப் பாலையே கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட கமிட்டியின் முன்னால் நான் வைத்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. கொல்லைப்பக்கத்து பாத்ரூம் தாழ்ப்பாள். அதன் மேல் ஆணி கழன்றுவிட்டது. உள்ளே போய்ப் போட்டால் கோணலாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ஆட்டி ஆட்டி எடுப்பதற்குள் விடிந்துவிடும். மழைக்காலம் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

"ஏன்னா, பாத்ரூம் தாழ்ப்பாளைக் கொஞ்சம் பாருங்கோ. என்னிக்காவது நான் உள்ளேயே மாட்டிண்டு நிக்கப் போறேன்."

"அஜெண்டாவுல சேர்த்துடறேன்" என்றார்.

சேர்த்தார். வாக்குத் தவறுகிறவர் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பூகம்பம் இருந்தது. முந்தின வருஷம்தான் லாத்தூரில் பூமி நடுங்கியிருந்தது. பூமி நடுங்கினால் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். எங்கள் மேஜைக்கு அடியில் எட்டுப் பேர் கொள்ளுமா என்று நாலு வாரம் விவாதம் நடந்தது. பிறகு வெள்ளம் வந்தது. சாமுண்டி மலை இருக்கிற ஊரில் வெள்ளம் எந்தப் பக்கமாக வரும் என்பதில் கருத்து வேற்றுமை. அதற்குப் பிறகு வெட்டுக்கிளி. தாழ்ப்பாள் தன் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. நானும் ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு, ஆட்டி ஆட்டி வெளியே வந்துகொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் பாத்ரூமின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெந்நீருக்கு அங்கே ஒரு "ஹண்டே" உண்டு. பெரிய செப்பு அண்டா. அதற்கு அடியில் அடுப்பு. தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் போட்டு எரித்தால் புகை சுவரோடு போகும் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். கீசர் இருந்தாலும் கரண்ட் இருந்தால்தானே, ஆகவே மைசூர்க்காரர்கள் ஹண்டேயைக் கைவிடவில்லை. அந்தக் குழாய் வழியாக மழை, பாம்பு, குரங்கு, திருடன் ஆகிய நால்வரும் உள்ளே வரக்கூடும் என்று என் கணவருக்குத் தோன்றியது. நாலு அங்குலக் குழாய். அதற்குள் நுழையக்கூடிய திருடன் வந்தால் அவனை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் சிற்றுண்டித் துறை மட்டுமே என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அவரே ஏணி போட்டு ஏறி, ஒரு பால் பவுடர் டின்னைக் கவிழ்த்து, குழாய் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு வந்தார். பாத்ரூம் ஜன்னலுக்குப் பலகை அடித்தது அதற்கு முந்தின மாதமே முடிந்திருந்தது. குழாயை அடைத்ததை என்னிடம் சொல்லவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளியே சொல்லக்கூடாது என்பது கமிட்டி விதி.

மறுநாள் ஞாயிறு. கூட்டத்தின் பொருள், நம்பினால் நம்புங்கள், "புகையிலிருந்து தப்புவது எப்படி". எனக்கு நஞ்சன்கூட்டில் அக்கா வீட்டு விசேஷம், மதிய ரயிலைப் பிடிக்க வேண்டும். முதல் சுற்றுக் காபியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வழக்கம்போல் கரண்ட் இல்லை. ஹண்டே அடுப்பைப் பற்றவைத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அது வழக்கம்போல் கோணலாக இறங்கியது.

இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்வதற்குள் கண் எரிய ஆரம்பித்தது. மேலே போக வேண்டிய புகை டின்னில் முட்டிக்கொண்டு என்னைத் தேடி இறங்கி வந்தது. அடுப்பில் தண்ணீரை வாரிக் கொட்டினேன். அணைந்தது, ஆனால் புகை இரண்டு பங்காயிற்று. புடவையைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை ஆட்டினேன். மற்ற நாளெல்லாம் பத்து ஆட்டுக்கு மசிகிற தாழ்ப்பாள் அன்று பார்த்து அசையவில்லை. விசிலைத் தேடினேன். ஆணி இருந்தது, விசில் இல்லை. செயல்முறை விளக்கத்துக்காக ஹாலுக்குப் போயிருந்தது.

தீர்மானத்தை மதித்துக் கன்னடத்தில் கத்தினேன். "ஹொகெ! ஹொகெ!"

தெய்வாதீனமாக வெளியே செருப்புச் சத்தம். என் கணவரேதான். கூட்டத்தில் காட்டுவதற்காக ஒரு ஈரச் சாக்கு எடுத்துப் போக வந்திருக்கிறார். கதவைத் தட்டித் தட்டி மறுபடியும் கத்தினேன். "ஹொகெ!"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் நின்றார். பிறகு அவர் குரல் நிதானமாக வந்தது.

"சரி சரி, போறேன். கோச்சுக்காதே. ரெண்டாவது காபி மட்டும் சீக்கிரம் அனுப்பிடு."

செருப்புச் சத்தம் தேய்ந்து போய்விட்டது.

புகைக்கு "ஹொகெ". "போங்கள்" என்பதற்கு "ஹோகி". என் கணவருக்குத்தான் குறிலும் நெடிலும் ஒன்றாயிற்றே. போகச் சொல்கிறாள் என்று நினைத்து மரியாதையாகப் போய்விட்டார்.

அப்போது எனக்கு வந்த பயத்தை மறைக்கப் போவதில்லை. தமிழில் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. பெங்களூர் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் பெண் சைத்ரா நினைவுக்கு வந்தாள். இந்த மனுஷர் தனியாக அவளுக்குக் கல்யாணம் பண்ணப் போய், பந்தலில் மணல் வாளி அடுக்கிவைப்பாரே என்று நினைத்தேன். சாகக்கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது. அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியைத் தாழ்ப்பாளுக்குள் விட்டு, என் பலம் அத்தனையும் போட்டு நெம்பினேன். ஆணியோடு, கட்டையோடு பெயர்ந்து வந்தது. தரையோடு தரையாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். நிற்கத் தெம்பில்லாமல் தவழ்ந்துகொண்டே கூடத்தைக் கடந்து ஹால் வரைக்கும் போனேன்.

ஹாலில் என் கணவர் ஈரச் சாக்கும் கையுமாக உச்சஸ்தாயியில் இருந்தார். "புகை சூழ்ந்தால் நடக்கக்கூடாது. தவழ்ந்துதான் வெளியேற வேண்டும்" என்று அவர் சொன்னதும், முகமெல்லாம் கரியாக நான் தவழ்ந்து வந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. கமிட்டி எழுந்து நின்று கைதட்டியது. வாளிமேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். நஞ்சுண்டசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பத்தையே பொதுச்சேவைக்கு அர்ப்பணித்தவர் என்று தலைவரைக் கட்டிக்கொண்டார். என் கணவர் ஒரு வினாடி திகைத்தார், ஆனால் சபையறிந்தவர். அடக்கமாகத் தலைகுனிந்து கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.

ரத்தினசாமிதான் கிட்டே வந்து பார்த்தார். "ஏனுங்க சார், அம்மா நெசமாவே இருமறாங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

ஒரு செம்புத் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. நடந்ததைச் சொன்னேன். இப்படியொரு நிலையில் வேறு யாராக இருந்தாலும் ஓடிப் போய்க் குழாயிலிருந்த டின்னை எடுத்திருப்பார்கள், ஒரு புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்திருப்பார்கள். எங்கள் கமிட்டி அப்படி அவசரப்படவில்லை. விசாரணைக் குழு அமைத்தது. விசாரணை முடியும்வரை பாத்ரூமில் எதையும் தொடக்கூடாது, எல்லாம் "தடயம்" என்று உத்தரவாயிற்று. அந்த வாரம் முழுக்க பாத்ரூம் கதவுக்கு முட்டுக்கொடுத்தது ஒரு மணல் வாளி. கமிட்டி ஆரம்பித்த பிறகு அந்த வாளிகளில் ஒன்று உபயோகப்பட்டது அப்போதுதான்.

அடுத்த ஞாயிறு விசாரணை. விசாரணைக் குழுத் தலைவர் என் கணவர். முதல் சாட்சியும் அவரே. தாமே கேள்வி கேட்டு, தாமே நாற்காலி மாறி உட்கார்ந்து பதில் சொன்னார். காதில் "ஹோகி" என்றுதான் விழுந்தது என்றும், மனைவி ஒன்று சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நடப்பது தம் சுபாவம் என்றும், அதன்படியே நடந்ததாகவும் சாட்சியம். பெண்களை மதிக்கும் இந்தப் பண்பைக் குழு வெகுவாகப் பாராட்டியது.

அடுத்து என் உச்சரிப்பு பரிசோதிக்கப்பட்டது. நஞ்சுண்டசாமி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொம்மெ ஹேளி அம்மா" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். கன்னடம் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று வாத்தியார் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் புகைக்குள் இருந்தபோது எப்படி இருந்ததோ, அதற்குச் சாட்சி இல்லையே என்றார். கடைசியில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆபத்தில் இருப்பவர்கள் இனிமேல் நிறுத்தி, நிதானமாக, அட்சர சுத்தமாகக் கத்த வேண்டும். தாழ்ப்பாளின் வேலை கதவு திறக்காமல் பார்த்துக்கொள்வது, அதை அது செவ்வனே செய்தது, ஆகவே அதன்மேல் குற்றமில்லை. அனுமதியில்லாமல் கதவுக் கட்டையைப் பெயர்த்தது மட்டும் வருந்தத்தக்கது.

"உனக்கு ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று விசாரணைக் குழுத் தலைவர் என்னைக் கேட்டார்.

"மழைக்காலம் பூரா தாழ்ப்பாள் தாழ்ப்பாள்னு தமிழ்ல சொன்னேன், உங்க காதுல ஏறலை. உயிர் போறச்சே கன்னடத்துல சொன்னேன், அது வேறயா ஏறித்து. எந்த பாஷையில சொன்னா ஏறும்னு உங்க கமிட்டியையே சொல்லச் சொல்லுங்கோ."

ரத்தினசாமி காபி டம்ளருக்குள் எதையோ தேடினார். என் கணவர் கனைத்துக்கொண்டு, இது முக்கியமான கேள்வி, அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டாவில் சேர்க்கலாம் என்றார்.

என் கணவர் பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவர் என்று விசாரணைக் குழுவே சொல்லிவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை அவர் கேட்ட மாத்திரத்தில், மறுபேச்சில்லாமல் நிறைவேற்றியது அந்த ஒரு தடவைதான். அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை.