அன்புராசா வாசித்த கித்தார்

"அண்ணை, லைப்ரரியிலயிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு. இவற்ர றொக் அண்ட் றோல் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லட்டாம். நான் என்னத்தைச் சொல்ல?"

போனில் கிளடிஸ் இப்படிக் கேட்டதும், பாக்கியராசா வாயில் வைத்த தேத்தண்ணீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

'இவர்' என்றது அவளுடைய கணவர் அன்புராசாவை. மனுசன் செத்து இரண்டு மாதம். உயிரோடு இருந்த எழுபத்து நாலு வருடத்தில் அவர் றொக் அண்ட் றோலுக்கு ஆகக் கிட்டப் போனது, மிசிசாகா விமான நிலையத்தில் யாரோ ஒருவருடைய கித்தார்ப் பெட்டியைத் தூக்கி வண்டியில் போட்ட அன்றைக்குத்தான். அது பாக்கியராசாவுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த றொக் அண்ட் றோல் வாழ்க்கையை எழுதியவரே அவர்தான்.

ரொறன்ரோவில் நம்மவர் ஒருவர் கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு ஒரு நினைவு மலரும் கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் படம், இரண்டாம் பக்கத்தில் வாழ்க்கை வரலாறு. அந்த இரண்டாம் பக்கம் பாக்கியராசாவின் ராச்சியம். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்தவரை, இங்கே எல்லோரும் 'மாஸ்ரர்' என்று கூப்பிடுவது இந்த எழுத்தால்தான். இதுவரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு பேரை எழுதி அனுப்பிவிட்டார். அவர் கைபட்டுப் போனவர்களில் ஒருவர்கூடச் சாதாரண ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் பனி தள்ளுகிற சவளைக்கூட இரவல் கொடுக்காதவர் கொடைவள்ளல் ஆனார். மூன்று தரம் கார் ஓட்டும் சோதனையில் கோட்டைவிட்டவர் விடாமுயற்சியின் சிகரம் ஆனார்.

அன்புராசாவோடுதான் பேனா சண்டித்தனம் பண்ணியது. மனுசன் வேலைக்குப் போனார், வந்தார், பூசைக்குப் போனார், வந்தார். கதைக்கவும் மாட்டார். "எதாவது சொல்லு பிள்ளை" என்று கிளடிஸைக் கேட்டால், "நல்லவர் அண்ணை" என்று சொல்லிவிட்டு அழுதாள். அதை வைத்து அரைப் பக்கம்கூட நிரப்ப முடியாது.

மலர் அச்சடிக்கிற பஸ்ரியனின் கடையில், ஸ்காபரோ பிளாசா ஒன்றின் பின்பக்கத்தில், அன்புராசாவின் பழைய படங்களைக் கிளறியபோதுதான் அது அகப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படம். வயது பத்தொன்பது, அகன்ற கழுத்துப்பட்டைச் சட்டை, பின்னால் நீர்வீழ்ச்சி வரைந்த சீலை, கையில் மின்சாரக் கித்தார். படத்தின் பின்பக்கத்தில் நிலா ஸ்ரூடியோ, யாழ்ப்பாணம், 1969 என்று முத்திரை.

பாக்கியராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே மூச்சில் எழுதினார்: 'யாழ் மண்ணில் றொக் அண்ட் றோல் இசைக்கு முதல் வித்திட்ட மூலவர். அவர் மீட்டிய தந்தியில் ஒரு தலைமுறையே துள்ளியெழுந்தது.'

பஸ்ரியன் கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுபத்தைந்து வயது, ஒல்லிக் குச்சி, அதிகம் கதைக்காத மனுசன். வேலை செய்யும்போது மூக்கால் எதையோ ராகம் இழுத்துக்கொண்டே இருப்பார்.

"மாஸ்ரர், இந்தப் படத்தைத்தான் போடவோ? கித்தார் பிழையா நிக்குது."

"பஸ்ரியன், நீர் எழுத்துப் பிழையைப் பாரும். வரலாறு என்ர பொறுப்பு. அதோட உந்த மூக்கையும் கொஞ்சம் நிப்பாட்டும், யோசிக்க விடுகுதில்லை."

எழுத்துப் பிழையைத் தானே பார்ப்போம் என்று மவுஸைத் தேடினால் கைக்கு வெறும் மேசைதான் அகப்பட்டது. பஸ்ரியன் அதை எப்போதும் இடப்பக்கத்தில்தான் வைத்திருப்பார். "உமக்கு எல்லாமே எதிர்ப்பக்கம்" என்று பாக்கியராசா எரிந்து விழுந்தார். பஸ்ரியன் சிரித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

அந்த மலர்தான் எப்படியோ லைப்ரரிக்குப் போயிருக்கிறது.

பாக்கியராசா பஸ் பிடித்துக் கிளடிஸ் வீட்டுக்கு ஓடினார். வந்திருந்த பிள்ளையின் பெயர் தனுசியா. புலம்பெயர்ந்தவர்களின் இசையைச் சேகரிக்கிற பகுதிக்கு அவள்தான் பொறுப்பு.

"அங்கிள், திஸ் இஸ் ஹியூஜ்! சிக்ஸ்ரி நைன்ல ஜாஃப்னால றொக் அண்ட் றோல்! பாண்ட்ல வேற யார் இருந்தவை?"

'பிள்ளை, அது நான் பக்கம் நிரப்ப எழுதினது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது பார்த்துக் கிளடிஸ் தட்டில் கேக்கோடு வந்தாள்.

"நாப்பத்தைஞ்சு வருசம் இந்த மனுசனோட இருந்தன் அண்ணை. இப்பிடி ஒரு கெட்டித்தனத்தை எனக்கே ஒளிச்சுப்போட்டார், பாருங்கோவன். நேற்று மூத்தவன் அப்பாவின்ர படத்துக்கு முன்னால பத்து நிமிசம் நிண்டவன். உயிரோட இருக்கேக்க ரெண்டு நிமிசம் நிக்கமாட்டான்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கிளடிஸைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் தங்கள் மலர்களைத் தூக்கிக்கொண்டு வந்து கேள்வி கேட்கும் என்ற பயம்.

"நாலு பேர்," என்றார். "மற்ற மூண்டு பேரோடயும் இப்ப தொடர்பில்லை."

தொடர்பில்லை என்றால் கதை அதோடு முடியும் என்று நினைத்தார். பாவம், இன்ரநெற் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார். தனுசியா அன்றைக்கே அன்புராசாவின் படத்தைப் போட்டு, 'இந்தக் குழுவில் இருந்த மற்றவர்களைத் தெரியுமா?' என்று கேட்டுவிட்டாள்.

மூன்று நாளில் பதினொரு படங்கள் வந்தன.

றெக்ஸ்டேலில் இருந்து ராக்ஸி ஓட்டுகிற ஒருவரின் தகப்பன். றிச்மண்ட் ஹில்லில் இருந்து ஒரு பல் வைத்தியரின் பெரியப்பா. கவுன் போட்டு இரட்டைப் பின்னலோடு றோஸ்மேரி அன்ரி. எல்லோருக்கும் பின்னால் அதே நீர்வீழ்ச்சி. எல்லோர் கையிலும் அதே கித்தார்.

பாக்கியராசா ஐபாட்டில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி மனோரஞ்சிதம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன புதினம்? உங்களிட்டையும் உது இருக்கெல்லோ."

"எது?"

அவள் அறைக்குள் போய்க் கலியாண அல்பத்தை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் இருபது வயதுப் பாக்கியராசா, மூச்சைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நீர்வீழ்ச்சிக்கு முன்னால், கித்தாரோடு.

"கலியாணம் பேசேக்க உதைத்தானே அனுப்பினீங்கள். கித்தார் வாசிக்கிற மாப்பிள்ளை எண்டுதான் நான் ஓம் எண்டனான். வந்து பாத்தால், கோயில் மணியைக்கூடத் தாளத்துக்கு அடிக்கத் தெரியாது."

பாக்கியராசாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நிலா ஸ்ரூடியோவில் படம் எடுக்கப் போனால், சீப்பு, பவுடர், முகம் பார்க்கிற கண்ணாடியோடு சுவரில் ஒரு கித்தாரும் தொங்கும். விரும்பியவர் பிடித்துக்கொண்டு நிற்கலாம். விரும்பாதவர் யார் இருந்தார்கள்? யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் பிடித்திருப்பார்கள்.

அல்பத்தை மூட முதலே தனுசியாவின் போன் வந்தது. "அங்கிள், நாலு பேர் எண்டீங்கள். ருவெல்வ் பீப்பிள் இருக்கினம். எல்லாரும் ஒரே கித்தார்?"

"அது பிள்ளை… ஒரு பெரிய குழு. கித்தார் ஒண்டுதான். மாறி மாறி வாசிச்சவை."

"ஓ மை கோட். எ கலெக்ரிவ்! அங்கிள், இதுக்கு ஒரு எக்ஸிபிஷனே வைக்கலாம்!"

வைத்தே விட்டார்கள். சீனியர் சென்ரர் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. இதில் பெரிய பகிடி என்னவென்றால், பன்னிரண்டு குடும்பத்திலும் ஒருவர்கூட மறுக்கவில்லை. "அப்பா குளிக்கேக்க பாடுறவர், அப்பவே நான் நினைச்சனான்" என்றார் ராக்ஸிக்காரர். குழுவுக்கு யார் தலைவர் என்று இரண்டு வீட்டுக்காரருக்குள் சண்டைகூட வந்தது. றோஸ்மேரி அன்ரியைக் கேட்டபோது, "ஓம், வாசிச்சனான்தான் போல" என்றார். எழுபத்து மூன்று வயதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாக்கியராசா தன் படத்தை மட்டும் மனைவியின் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

பிறகு தனுசியா பாட்டுக் கேட்டாள். குழு என்றால் பாட்டு இருக்கத்தானே வேண்டும். பாக்கியராசா இரண்டு வரி எழுதினார்: 'சைக்கிளில வாறாள் சின்னக்கடைப் பக்கம், பெல்லடிச்சும் பாக்கேல்லை, என்னடி வெக்கம்.' மெட்டுத்தான் இடித்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தவருக்கு, கண்காட்சிப் படங்களை எடுக்கப் பஸ்ரியனின் கடைக்குப் போய் வந்த அன்று பின்னேரம், மெட்டு ஒன்று தானாக வாயில் வந்து உட்கார்ந்தது. துள்ளலான மெட்டு. 'எனக்குள்ளையும் ஒரு கலைஞன் இருந்திருக்கிறான்' என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடி ஒன்றும் சொல்லவில்லை.

நாலு மணிக் கூட்டம் வழக்கம்போல ஐந்தரைக்குத் தொடங்கியது. விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, பொன்னாடை போர்த்தி முடிய ஆறரை. சுவர் முழுக்கப் பஸ்ரியன் பெரிதாக்கி அடித்த பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டு குடும்பமும் மேடையேறிக் கைதட்டிப் பாடியது. மண்டபமே சேர்ந்து பாடியது. முன்வரிசையில் கிளடிஸ், வெள்ளைச் சேலையில், அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். பின்வரிசையில் படம் காட்டுகிற கருவிக்குப் பக்கத்தில் நின்ற பஸ்ரியன் மட்டும் பாடவில்லை. அவர் கருவியைக்கூட மறந்து, வாயைத் திறந்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கியராசா அதைத் தன் மெட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் தனுசியா ஒரு வெள்ளைக்காரரை மேடைக்கு அழைத்தாள். பழைய கித்தார்களைப் பற்றி அறிந்தவராம். அவர் படங்களை ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு தனுசியாவின் காதில் ஏதோ சொன்னார். அவளுடைய முகம் மாறியது.

"அங்கிள்," என்றாள் கையில் மைக் இருப்பதை மறந்து, "கித்தாரில தந்திக்குப் பக்கத்தில இருக்கிற உந்தக் கறுப்புத் தகடு கீழ்ப்பக்கம் வரவேணுமாம். பன்னிரண்டு படத்திலையும் அது மேல நிக்குது. எல்லாரும் கித்தாரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கினமாம். உப்பிடிப் பிடிச்சு ஒருத்தராலையும் வாசிக்கேலாதாம்."

பாக்கியராசா எழும்பினார். "அது பிள்ளை, அந்தக் காலத்தில ஒரு தனிப் பாணி…"

வெள்ளைக்காரர் மெதுவாகத் தலையை ஆட்டினார். இல்லை என்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கிளடிஸ் திரும்பிப் பாக்கியராசாவைப் பார்த்தாள். "அண்ணை? அப்ப இவர்…?"

அந்தப் பார்வைக்கு முன்னால் பாக்கியராசாவின் கையிருப்பில் இருந்த புளுகெல்லாம் தீர்ந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேரை உயர்த்திய நாக்கு தன்னைத் தூக்கிவிட ஒரு சொல் கிடைக்காமல் தடுமாறியது. மேடைக்கு நடந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"கிளடிஸ், என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. அன்புராசாவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஆரையும் ஒழுங்கா விசாரிச்சதுமில்லை. பக்கம் நிரப்ப வேணுமெண்டு எழுதிப்போட்டன். அது ஸ்ரூடியோச் சுவரில தொங்கின கித்தார். நானும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதைக் காட்டித்தான் கலியாணமும் கட்டினனான். யாழ்ப்பாணத்தில அப்பிடி ஒரு றொக் அண்ட் றோல்காரன் இருக்கவே இல்லை."

மனோரஞ்சிதம் தலையில் கையை வைத்தாள். கிளடிஸ் மடியில் இருந்த மலரை மெல்ல மூடினாள்.

பின்வரிசையில் இருந்து பஸ்ரியன் நடந்து வந்தார். ஒருவரையும் கேட்காமல், வெள்ளைக்காரர் விளக்கிக் காட்டக் கொண்டுவந்திருந்த கித்தாரை எடுத்தார். எல்லோரும் பிடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பித் தோளில் மாட்டினார். இடக்கையால் தந்தியை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, கிளடிஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு சொன்னார்:

"இருந்தவன், மாஸ்ரர். நான் ஸ்ரூடியோவில பிலிம் கழுவின ஆள், இடக்கை வளம், அது என்ர இடக்கைக் கித்தார், அதுதான் உங்கட கையில தலைகீழா நிண்டது, நீங்கள் இப்ப பாடினது என்ர மெட்டு. அந்த நாளில அதைக் கடைசி மட்டும் இருந்து கேட்ட ஒரே ஆள் இந்த அக்காவின்ர மனுசன்தான்."