நடுச்சுவரில் நான் அடித்த நான்கு போல்ட்டுகள்

அன்புள்ள மீனா, கதிர்,

நம் வீட்டுச் சமையலறை அலமாரியைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் கதை பொய். "எங்க அப்பாவும் பெரியப்பாவும் பிளான் போட்டு, ஒரே போல்ட்டுல இந்தப் பக்கம் பலகை, அந்தப் பக்கம் கொக்கின்னு செஞ்சாங்க" என்று பெருமை அடிக்கிறீர்கள். போன வாரம் கதிர் இதை அறிவியல் வாத்தியாரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவர் என்னைப் பார்த்து, "நல்ல ஐடியாங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். (நல்லவேளை. இருந்திருந்தால் என்மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றே போயிருக்கும்.)

உங்கள் அம்மா சித்திரை வந்தால் ஒரு வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், தனியா, மஞ்சள், புளி எல்லாவற்றையும் வாங்கிவிடுவாள். மூன்று நாள் மாடியில் காயவைத்து, வறுத்து, மெஷினில் காத்துக் கிடந்து அரைத்துக்கொண்டு வருவாள். ஆனால் வைக்க இடம்? மிளகாய்த்தூள் கட்டிலுக்கு அடியில். புளிப்பானை பீரோவுக்குப் பக்கத்தில். கடுகும் மிளகும் டிவிக்குப் பின்னால். ஒருமுறை விருந்தாளி ஒருவரைத் தனியா மூட்டையின் மேல் போர்வை போட்டு உட்காரவைத்தோம். அவர் போகும்போது, "சோபா நல்லா வாசனையா கீது" என்றார்.

"ஆசாரியக் கூப்புட்டு சமையக்கட்டுல ரெண்டு பலகை அடிச்சிக் குடுங்க" என்றாள் அம்மா.

"நான் இருக்கறப்ப ஆசாரி எதுக்கு?" என்றேன்.

அந்த ஒரு கேள்வியோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியும், நான் பத்தாவது வரை படித்தவன். உத்திரமேரூர் ரைஸ் மில்லில் இருபது வருஷமாக மெஷின் ஓட்டுகிறேன். அங்கே எவ்வளவு பெரிய மெஷின் அதிர்ந்தாலும் சுவரில் இருக்கும் இரும்பு ஆங்கிள் அசையாது. காரணம், அதைப் பிடித்திருக்கும் எட்டு இஞ்சு போல்ட். அப்படி நான்கு போல்ட் பழைய இரும்பில் கிடந்தன. முதலாளியைக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். மில் போல்ட் என்றால் வீட்டு அலமாரிக்கு ஏழு தலைமுறை தாங்கும் என்று எனக்குள் ஒரே பூரிப்பு. மில் சுவர் ஒன்றரை அடி கனம், நம் வீட்டு நடுச்சுவர் வெறும் நாலரை இஞ்சு. இந்தச் சின்னக் கணக்கை மட்டும் நான் போடவில்லை.

அந்த நடுச்சுவரில்தான் வினையே. சமையலறையில் ஒரு சுவரில் ஜன்னலும் அடுப்பும். ஒன்றில் கதவு. ஒன்றில் தொட்டியும் குழாயும். மிச்சம் இருந்தது, நமக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் இருக்கும் சுவர். என் அண்ணனும் நானும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுப்பியது. அது இரண்டு பேருக்கும் பொது, ஒருவரைக் கேட்காமல் இன்னொருவர் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பாகப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

கேட்டுவிட்டு அடிக்கலாமே என்பீர்கள். கேட்கப் பேச்சு இருந்தால்தானே? இரண்டு வீட்டுக்கும் பொதுவான போர்வெல் மோட்டாரை யார் முதலில் போடுவது என்கிற சண்டையில் அண்ணனும் நானும் பேசி அப்போது எட்டு மாசம் ஆகியிருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் கொடியில் துணி காயப்போடும்போதுகூட ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொள்வார்கள். பொங்கலுக்குத் தட்டு மாற்றிக்கொண்டதுகூட உங்கள் இருவர் கையில்தான் போய்வந்தது.

"நடுச்செவுத்துல கை வெக்காதீங்க" என்று அம்மா கெஞ்சினாள். "அவங்க வூட்ல இருந்து ஒரு வார்த்த வந்துச்சின்னா அதோட ஒறவு அத்துது. புள்ளைங்க கையில தட்டு போறதும் நின்னு பூடும். அப்புறம் செத்தா வாழ்ந்தா வாசல்ல வந்து நிக்கக்கூட ஆள் இருக்காது, சொல்டேன்."

"அவங்களுக்குத் தெரிஞ்சாதானே?" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

பெரியப்பா வீட்டில் எல்லோரும் காவாந்தண்டலத்துக்குக் காதுகுத்துக்குப் போன நாளாகப் பார்த்தேன். எலக்ட்ரீஷியனிடம் டிரில்லிங் மெஷினை வாங்கிவந்து ஆரம்பித்தேன். பிட் கொஞ்ச தூரம் கடினமாகப் போய், சட்டென்று வெண்ணெயில் இறங்கியதுபோல் லேசாகிவிட்டது. உள்ளே மண் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். நான்கு ஓட்டையும் அப்படியேதான் போனது. நான்கு இடத்திலும் மண் இருக்குமா என்று யோசிக்க என் மூளை அன்று லீவு. ஆங்கிளை வைத்து, போல்ட்டைச் செருகி, சுற்றிலும் சிமெண்ட் பூசி, பழைய கதவுப் பலகையை மேலே ஏற்றி, நானே ஒருமுறை தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அம்மா பயந்துகொண்டேதான் டப்பாக்களை அடுக்கினாள். ஆனால் அன்று சாயந்திரம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்கிவிட்டு, "இப்பத்தான் வூடு மாதிரி கீது" என்றாள். எனக்கு மார்பு ஓர் அங்குலம் அகலமானது.

சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியம்மா ஊரிலிருந்து வந்து சமையலறை விளக்கைப் போட்டால், சுவரில் மேலே இரண்டு, கீழே இரண்டு, பளபளவென்று நான்கு இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. கொக்கி அடித்துக்கொடு, கொக்கி அடித்துக்கொடு என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் பெரியப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாராம்.

"எனுக்குத் தெரியாம அடிச்சி வெச்சிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்கறீங்களே!" என்று பெரியம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாராம். பெரியப்பாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் பெரியம்மா அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. "ம்" என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்ததாம். (என் அண்ணன் அப்பளத்துக்குச் சத்தியத்தையே விடக்கூடியவர்.)

இப்படி என் போல்ட்டில் இந்தப் பக்கம் அம்மாவின் மிளகாய்த்தூளும், அந்தப் பக்கம் பெரியம்மாவின் வெங்காயக் கூடையும் இருபது நாள் ஒற்றுமையாகத் தொங்கின.

இருபத்தோராம் நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். மில் லீவு. அம்மா முருங்கைக்கீரை பறிக்கப் பின்பக்கம் போயிருந்தாள். நான் டீ டம்ளரோடு சமையலறையில் நின்று என் கைவேலையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் அந்தப் பக்கம் பெரியம்மா, "மேல கீறது ரெண்டும் ரொம்ப நீட்டிக்கினு கீது, தலைய இட்சிக்கிறேன். கொஞ்சம் உள்ள அடிங்க" என்றிருக்கிறார். அடித்தவர் பெரியப்பாதான் என்று பெயராகிவிட்டதே, மறுக்க முடியுமா? சுத்தியலை எடுத்தார்.

டொக்.

என் கண் எதிரில் போல்ட்டின் தலை ஒன்று சுவரைவிட்டு வெளியே வந்தது. பூச்சிதான் ஏதோ ஊர்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தேன். டொக். இன்னும் கொஞ்சம் வந்தது. டொக்.

போல்ட் கழன்று விழ, பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. புளிப்பானை முதலில் கிளம்பியது. அதன் பின்னால் தனியா, மஞ்சள், கடுகு எல்லாம் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாக அந்தப் பெரிய மிளகாய்த்தூள் டப்பா வந்து, என் தோளில் ஒரு அடி கொடுத்து, தரையில் விழுந்து மூடி திறந்தது. சமையலறை சிவந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு தும்ம ஆரம்பித்தேன். எத்தனை தும்மினேன் என்று கேட்காதீர்கள். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்மினேன்.

"டேய் சேகரு! இன்னாடா ஆச்சி? அடிகிடி பட்டுச்சா?"

பின்வாசல் வழியாகச் சுத்தியலும் கையுமாக அண்ணன் ஓடிவந்து நின்றார். எட்டு மாசத்துக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து என் பெயர். அவருக்குப் பின்னால் கீரைக்கொத்தோடு அம்மா. எனக்கு அடி இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அண்ணன் ஆங்கிளைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். முகம் மாறியது. அம்மாவின் முகம் வெளுத்தது. இத்தோடு முடிந்தது என்று எனக்கும் தோன்றியது.

"நடுச்செவுத்துல... யாரக் கேட்டுடா... நீ... அச்சூ!"

"அண்ணா, நான்... அச்சூ!"

"பத்திரத்துல இன்னா எழுதி... அச்சூ! அச்சூ!"

அவர் திட்ட வாயைத் திறந்தால் தும்மல், நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் தும்மல். அந்த நேரத்தில் சுவர் ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. பெரியம்மாவின் கண்.

"இன்னாங்க, அங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க? நீங்க அடிச்ச கொக்கி உள்ள பூந்து காணாம பூட்ச்சி!"

அண்ணன் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்தக் கண், அவரைப் பார்த்தது, போல்ட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "இத்த நீங்க அடிக்கலியா அப்போ?" என்றது.

அண்ணன் என்னைப் பார்த்தார். சின்ன வயதில் ஏரியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்கு வரும்போது, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அண்ணன் அடிச்சதுதான் அண்ணி" என்றேன். "நான்தான் கேட்டேன். ஒரே போல்ட்டா போட்டா ரெண்டு வூட்டுக்கும் ஆவுமேன்னு அண்ணன்தான் ரோசன சொன்னாரு."

"ஆமா" என்றார் அண்ணன், உடனே. "நம்ம ரோசனதான்."

அம்மா கீரைக்கொத்தால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா தும்மலா என்று எனக்கு முதலில் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு கொட்டியது. அது மிளகாயாலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் பெரியம்மா மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு வந்தார். "வசந்தா, நீ அப்பால போ, உனுக்குத்தான் தூளு ஆவாது" என்று அம்மாவை நகர்த்திவிட்டுப் பெருக்க ஆரம்பித்தார். தேறியது ஒரு பிடிகூட இல்லை. வருஷத்துத் தூள் முழுதும் பின்வாசலுக்குப் போனது. பெரியம்மா தன் வீட்டு டப்பாவிலிருந்து சரிபாதியைக் கொட்டி எடுத்துவந்து வைத்தார். "வோணாம் அக்கா" என்றாள் அம்மா. "சும்மா இருடி, உங்கூட்டு மொளகாயத்தான் எங்கூட்டு மூக்கும் தின்னுச்சி" என்றார் பெரியம்மா.

மறு வாரம் ஆசாரி வந்து, நான் செய்ததைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அதே போல்ட்டுகளைப் போட்டு, பெரியப்பா பக்கம் வாஷரும் நட்டும் கொடுத்து முடுக்கினார். நட்டுக்கு வெளியே நீண்டதே பெரியம்மாவுக்குக் கொக்கி. அந்தப் பெருமையைத்தான் நீங்கள் ஊரெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு வீட்டில் யார் தும்மினாலும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா தம்பி, இன்னொரு பலகையா?" என்று பெரியம்மா கேட்பது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும். அவருக்கு உண்மை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள், பெரியப்பாவுக்கு அப்பளம் குறைந்துவிடும்.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. அன்று எல்லாம் முடிந்து, அம்மா பெரியம்மாவோடு பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டாள். அண்ணனும் போய்விட்டார். நான் தனியாகப் பின்வாசலுக்கு வந்தேன். அவசரத்தில் கழற்றிப்போட்ட செருப்பை அண்ணன் மறந்து வெறுங்காலோடு போயிருந்தார். நாங்கள் பெருக்கித் தள்ளிய தூள் முழுக்க அதன்மேல் கிடந்தது. வியர்த்த காலோடு போட்டால் எரிந்து தொலைக்கும். குழாயடியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, வாரின் மடிப்பெல்லாம் விரலை விட்டு மூன்று தடவை கழுவினேன். வெயிலில் காயவைத்து, என் துண்டாலேயே துடைத்தேன். அப்புறம் அவர் வீட்டு வாசலுக்குப் போய், வெளியே வருகிறவர் கால் நேராக நுழையும்படி திருப்பி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வந்துவிட்டேன்.