இலட்சத்தில் அடங்காத எட்டு நாமங்கள்

இறைவியை இடையறாது எண்ண வேண்டும் என்று அருளாளர்கள் பாடினார்கள். இருபத்தாறு வயதில் நான் அதை, விரல்விட்டு எண்ணச் சொல்வதாகவே விளங்கிக்கொண்டேன். (கணித ஆசிரியனுக்கு வேறெப்படித் தோன்றும்!)

யட்டவத்தையில் எங்கள் அம்மன் கோவிலில் இலட்சார்ச்சனை. சுற்றுக்கு நூற்றெட்டு நாமங்கள். இலட்சம் நிறையும்வரை சுற்றுகள். கணக்கு வைக்கும் பொறுப்பை அறங்காவலர் என்னிடம் ஒப்படைத்தார். அவருடைய மகள் சிவகாமியை எனக்குத் தரலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். ஆகவே அது தொண்டு மட்டுமன்று. மாப்பிள்ளைக்கான நேர்முகத் தேர்வும்கூட.

முதல் நாளே ஓர் உண்மை கண்டு துணுக்குற்றேன். இலட்சம் என்பது பத்தைப் பத்தால் மீண்டும் மீண்டும் பெருக்கி வருவது. அதைப் பிரித்தால் இரண்டும் ஐந்துமே கிடைக்கும். மருந்துக்குக்கூட ஒரு மூன்று கிடையாது. நூற்றெட்டிலோ மூன்று மும்முறை ஒளிந்திருக்கிறது. எனவே நூற்றெட்டால் இலட்சம் மீதியின்றி ஒருகாலும் வகுபடாது. 925 சுற்றில் 99,900 நாமங்கள். அடுத்த சுற்றின் நூறாவது நாமத்திலேயே இலட்சம் நிறையும். எட்டு நாமங்கள் வெளியே நிற்கும்!

(யாரிடமும் சொன்னேனா? இல்லை. புலமை உரிய தருணத்தில் வெளிப்பட்டால்தானே அழகு.)

நிறைவு நாள். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் எல்லாரும் வீடு சேர வேண்டும். குருக்கள் நாமங்களை விரைந்து பொழிய, அடியார்கள் கண்மூடி உருக, நூறாவது நாமத்தில் நான் இரு கைகளையும் உயர்த்திக் கூவினேன்:

"நிறுத்துங்க! லட்சம் ஆயிருச்சு!"

மேளக்காரர் உயர்ந்த என் கைகளைத் தமக்கான சைகையென்று எண்ணி முழக்கத் தொடங்கினார். மணி அடித்தது. பிரசாதத்துக்குத் தள்ளுமுள்ளு. குருக்கள் மட்டும் கையில் பூவோடு திகைத்து நின்றார்.

"என்ன தம்பி இது? இன்னும் எட்டு நாமம் இருக்குங்களே!"

"அதையும் சொன்னா ஒரு லட்சத்து எட்டு ஆயிரும் ஐயா. லட்சத்துக்குள்ள மூணே கிடையாது பாருங்க..." என்று பாடம் நடத்தத் தொடங்கினேன்.

அறங்காவலர் முகம் சிவந்தது. "ஏன் மாஸ்டர், அம்மன் பேர பாதியில வெட்டுறதுக்கா ஒங்கள வச்சோம்?"

"கல்யாண வரம் குடுக்குற நாமமெல்லாம் அந்தக் கடைசி எட்டுலதான் இருக்கு" என்றார் குருக்கள், என்னையே பார்த்து. (வேண்டுமென்றேதான்!)

அப்போது பெண்கள் பக்கமிருந்து சிவகாமியின் குரல்: "எட்டு கூடிப்போனா, வேணாம்னு அம்மன் திருப்பிக் குடுத்திருமா மாஸ்டர்?"

கோவிலே சிரித்தது. அறங்காவலரும் சிரித்துவிட்டார். தடைபட்ட சுற்று செல்லாது என்று குருக்கள் முதல் நாமத்திலிருந்து தொடங்கினார். ஆனால் வாயால் சொன்னதையெல்லாம் கூட்டினால் மொத்தம் 100,108. அது இலட்சமும் அன்று, நூற்றெட்டால் வகுபடுவதும் அன்று! வாயைத் திறந்தேன். சிவகாமி பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அதைக் கண்டுதான், "பரவால்ல, பய சொன்னா கேட்டுக்குவான்" என்று அறங்காவலர் சம்மதித்தாராம்.

மணமேடையில் தாலியை ஏந்திக் குனிந்தேன். "மூணு முடிச்சும் போடுவீங்கதானே? லட்சத்துல மூணு இல்லன்னு ரெண்டோட நிறுத்திர மாட்டீங்களே?" என்று மணப்பெண் மெல்லக் கேட்டாள். குருக்களின் ஒலிவாங்கி அருகிலேயே இருந்தது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்தாலும், மண்டபமே சேர்ந்து உரக்க எண்ணுகிறது: "ஒண்ணு... ரெண்டு... மூணு!"