தட்டினால் விட்டுவிடுவார் கிடுக்கி அண்ணன்

மஸ்கெலியா பஸாரில் கழுத்து என்று ஒன்று இருந்த ஆண்கள் அத்தனை பேரும் கிடுக்கி அண்ணனிடம் ஒரு தடவையாவது தோற்றவர்கள்தான். நான் பல தடவை தோற்றிருக்கிறேன். முடி வெட்டப் போனவன் பாதித் தலையோடு கழுத்துப் பிடியில் மாட்டி, முழி பிதுங்கி உட்கார்ந்திருப்பது அவருடைய சலூனில் அன்றாடம் நடப்பது. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்த மாதமும் அவரிடமே போய்க் குந்துவோம், வேறென்ன செய்ய?

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். பஸாருக்கு அது தெரியாது. கிடுக்கிப்பிடி போடுவதால் கிடுக்கி, அவ்வளவுதான். நான் அப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒப்பீஸ் கிளாக்கர். அன்றாடம் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் போடுவது என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பஸாருக்கு வந்தால் நேரே சலூனுக்குத்தான் போவேன்.

எல்லாம் ஒரு கசட்டால் வந்த வினை. தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் படக் கசட்டுகளோடு ஒரு கூண்டுச் சண்டைக் கசட்டையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். காத்திருக்கிற ஆட்களுக்குப் பொழுது போகட்டும் என்று சலூனில் சின்ன டீவியும் டெக்கும் இருந்தன. கசட்டைப் போட்டார். கம்பிக் கூண்டுக்குள் எருமை மாதிரி ஒருத்தன், எதிரே நோஞ்சானாக ஒருத்தன். நோஞ்சான் போய் எருமையின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, கீழே சாய்த்து, கழுத்தில் கையைப் போட்டு இறுக்கினான். எருமை தரையை ரெண்டு தட்டுத் தட்டியது. போதும் சாமி, விட்டுவிடு என்று அர்த்தமாம்.

அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்தது அன்றைக்குத்தான். அடுத்த வாரமே சலூனில் சட்டம் வந்துவிட்டது.

"கிளாக்கரய்யா, பிளேடு கொஞ்சம் இழுக்கும். வலிச்சா கதிரைக் கையில ரெண்டு தட்டு தட்டுங்க, விட்ருவேன்."

"பிளேட மாத்துனா என்னண்ணே?"

"அது வேற விசயம். தட்டுவீங்களா, மாட்டீங்களா?"

நாற்காலிக் கையில் தட்டினேன். தட்டாமல்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு ஹட்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆள் வைத்துக் கசட் வரவழைத்தார். ஆனால் புதுக் கசட் வரவர அவருடைய நிம்மதி போனது. முதல் கசட்டில் நேரமும் கிடையாது, கையுறையும் கிடையாது. புதுக் கசட்டில் ரவுண்டு வந்தது, கையுறை வந்தது, சும்மா கட்டிப்பிடித்துக் கிடந்தால் நடுவராக நிற்கிற ரெப்ரி ரெண்டு பேரையும் எழுப்பி நிறுத்துவது வந்தது. இந்த ரூல்ஸை எல்லாம் யார் போட்டது, யாருக்காகப் போட்டது? பிடிக்கிறவனுக்கா, அடிக்கிறவனுக்கா? இதுதான் அவருடைய கேள்வி. சவரத்துக்கு வந்த கோயில் ஐயரிடம் கேட்டார். டிக்கட் புத்தகத்தோடு வந்த சிங்கள பஸ் கண்டக்டரிடம் கேட்டார். அந்த மனுசன் கழுத்தில் பிளேடு இருந்ததால் எல்லாவற்றுக்கும் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சரி போட்டார்.

பக்கத்துக் கடை டெய்லருடையது. பஸாரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், தையலுக்காக அல்ல, கராத்தேக்காக. ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பார். காசு வாங்க மாட்டார். உடுப்புக்கூட அவரே தைத்துக் கொடுப்பார், கோதுமை மா சாக்கை வெளுத்து. எவ்வளவு வெளுத்தாலும் முதுகில் மா மில்லின் முத்திரை லேசாகத் தெரியும். அந்தப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து வணக்கம் வைக்கும்போது பார்த்தால் மாச் சாக்கு மூட்டைகள் எழுந்து நின்ற மாதிரியே இருக்கும். மாஸ்டருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்த ஞாயிறு வகுப்புதான் அவருக்கு உசிர்.

ரெண்டு கடைக்கும் நடுவில் பலகைச் சுவர். அதில் ஒரு சின்ன ஓட்டை, கதவு வைத்தது. ஒருத்தர் டீ போட்டால் மற்றவருக்கு அதன் வழியாகத்தான் கிளாஸ் போகும். விவாதமும் அதன் வழியாகத்தான் நடக்கும்.

"மாஸ்டர், ரவுண்டு முடிஞ்சா எழுப்பி நிறுத்துறாங்களே, என்னா நியாயம்? கஷ்டப்பட்டு கீழ தள்ளினவன் மறுபடி முதல்லருந்து தள்ளணுமாம். கூடை நெறையக் கொழுந்து எடுத்தவகிட்ட, கொட்டிட்டுத் திரும்ப எடுன்னு கங்காணி சொன்னா விடுவாளா?"

ஓட்டையில் மாஸ்டரின் மூக்கு தெரியும். "அப்ப, முட்டிய ஊண்டினவன் மண்டையில உதைக்கக் கூடாதுங்கிறது யாருக்காக? உங்க ஆளுக்குத்தான? எவனோ ஒருத்தன் கால கட்டிக்கிட்டுக் கெடப்பான், நான் உதைக்காம அவன் தலையில எண்ணெய் தேய்க்கணுமா?"

"கையுறை? கையுறை போட்டா கை ஒடையாது. பயமில்லாம அடிக்கலாம். அது உங்களுக்கு."

"மேல படுத்துக் கெடந்தாலே பொயின்ட் போடுறானே, அது யாருக்கு? தூங்குறவனுக்கெல்லாம் பொயின்டா?"

முகம் முழுக்க சோப்பு நுரையோடு நாங்கள் காய்ந்துபோய் உட்கார்ந்திருப்போம். ஆனால் ஒன்று சொல்கிறேன், எங்களுக்கும் மண்டைக்குள் புழு ஏறிவிட்டது. செக்ரோலில் ஆட்களுக்குப் பேர் போடும்போதுகூட, ரெண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கிறதே, இது எப்படி என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அண்ணனுக்கு வாய் நீண்டுவிட்டது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் கடை வாசலில் நிற்கும்போது சத்தமாகச் சொன்னார், "உங்க மாஸ்டர் கால தூக்கட்டும், நான் அந்தக் கால புடிச்சிருவேன். அம்புட்டுத்தான் கராத்தே!" பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு வகுப்பில் ஆள் குறைந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் குறைந்தது. பலகைச் சுவரில் ஓட்டை சாத்தப்பட்டது. உள்ளே ஆணி அடிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

அண்ணன் ஆடிப்போனார். தனியாக டீ போட்டுத் தனியாகக் குடித்துப் பார்த்தார், இறங்கவில்லை. "வெளையாட்டுக்குச் சொன்னேன் கிளாக்கரய்யா" என்று என்னிடம் சொன்னாரே தவிர, மாஸ்டரிடம் போய்ச் சொல்ல வீம்பு விடவில்லை. கடைசியில் மாஸ்டரே சலூன் வாசலில் வந்து நின்றார், கையில் அளவெடுக்கிற இஞ்சி டேப்போடு.

"காலப் புடிப்பேன்னு சொன்னீங்கள்ல? வாங்க, எல்லார் முன்னாலயும் புடிங்க. நான் தோத்தா வகுப்ப மூடிர்றேன்."

அண்ணன் முகம் சோப்பு நுரை மாதிரி ஆனது. பின்வாங்கினால் இரங்கி விட்டுக்கொடுத்ததாக ஆகும், மாஸ்டருக்கு இன்னும் அவமானம். சரி என்றார்.

எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வைப்பதென்று முடிவானது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற மைதானம் அது, மலைநாட்டில் சாய்வில்லாத நிலம் வேறெங்கே கிடைக்கும்? நான்தான் ரெப்ரி. பொயின்ட் எப்படிப் போடுவது என்று எனக்கென்ன தெரியும்? தெரிந்த கணக்கைப் போட்டேன். தோட்டத்தில் கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். அதேபோல, நன்றாக விழுகிற அடிக்கு அரைப்பேர், கீழே சாய்த்தால் அரைப்பேர், தட்ட வைத்தால் முழுப்பேர் என்று அறிவித்தேன். கூட்டத்துக்கு உடனே விளங்கிவிட்டது. கூண்டுச் சண்டையை நடத்துகிற வெள்ளைக்காரனுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லய வீடுகளின் சனம் முழுக்கக் களத்தைச் சுற்றி நின்றது. மாஸ்டரின் பிள்ளைகள் மா மில் முத்திரையோடு ஒரு பக்கம் நின்றார்கள், சிரிக்கவில்லை. தரையில் கொழுந்துச் சாக்குகளை விரித்திருந்தோம். அண்ணன் அரைக்கால் சட்டையோடு வந்தவர், பழக்கதோசத்தில் டப்பாவைத் திறந்து ரெண்டு கையிலும் பவுடர் கொட்டிக்கொண்டார்.

"ரெப்ரி! பவுடர் போட்டா புடி வழுக்காது. அது அவருக்குச் சாதகம்!" என்றார் மாஸ்டர்.

"குளிர்ல உங்க ஒடம்பு பச்சத் தண்ணியா இருக்கு. அது வழுக்குமே, அது யாருக்குச் சாதகம்?" என்றார் அண்ணன்.

இதைத் தீர்ப்பதற்குள் மலை உச்சியிலிருந்து மூடுபனி இறங்கிவிட்டது. எங்கள் பனியைத்தான் தெரியுமே, வந்தால் பக்கத்தில் நிற்பவன் மீசை தெரியாது. கூட்டம் மறைந்தது. "டேய் அடிங்கடா, ஒண்ணும் தெரியல!" என்று குரல் மட்டும் வந்தது. விசில் ஊதினேன்.

மாஸ்டர் காலைத் தூக்கினார். அண்ணன் சொன்னபடியே பிடித்துவிட்டார். ஒரு இழுப்பு இழுத்தால் கதை முடிந்தது. அண்ணன் இழுக்கவில்லை. மாஸ்டர் ஒற்றைக்காலில் நிற்கிறார், இவர் மற்றக் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இழுய்யா!" மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"பின்னால சாக்கு வெலகியிருக்கு மாஸ்டர். மண்ட அடிபடும். கொஞ்சம் இந்தப் பக்கம் தத்தி வாங்க."

"இழுன்னா இழு!"

மாஸ்டர் திமிறினார். நாளெல்லாம் குனிந்து மெசின் மிதிக்கிற இடுப்பு அது. பிடித்துக்கொண்டது. "ஆ!" என்று ஒரு சத்தம். அண்ணன் அப்படியே அவரை அணைத்து, பிள்ளையைக் கிடத்துவது போலச் சாக்கில் கிடத்தினார். குப்புறத் திருப்பினார். மேலே ஏறி உட்கார்ந்து, சலூனில் எங்களுக்கெல்லாம் கழுத்துச் சொடுக்கு எடுப்பாரே, அதேபோல இடுப்பில் ஒரு சொடுக்கு எடுத்தார். மடக்! லயம் வரைக்கும் கேட்டிருக்கும். "ஐயோ, முறிச்சிட்டான்!" என்று பனிக்குள் ஒரு பெண் கத்தினாள். முறியவில்லை, இடுப்பு விட்டுவிட்டது. மாஸ்டர் "அம்மாடி" என்று பெருமூச்சு விட்டார். அவருடைய கை சாக்கை ரெண்டு தட்டுத் தட்டியது.

நான் விசில் ஊதினேன். பாழாய்ப்போன பனி, அந்த நேரம் பார்த்து விலகியது. கீழே மாஸ்டர், மேலே அண்ணன். மாச் சாக்குப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். வகுப்பு அவ்வளவுதான் என்று ஒருத்தன் இடுப்புப் பட்டியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான். அண்ணன் அவர்களைத்தான் பார்த்தார்.

"நான்தான் தட்டுனேன்!" என்று கத்தினார். "தாங்க முடியல. மாஸ்டர் ஜெயிச்சிட்டாரு!"

அடுத்தவர் முதுகில் சவாரி செய்துகொண்டு தோல்வியை ஒப்புக்கொண்ட மனுசனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கீழேயிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"பொய் சொல்றாரு! தட்டுனது நானு!"

"நீங்க சொகத்துல தட்டுனீங்க. வலியில தட்டுனாத்தான் கணக்கு. என் சலூன்ல அதான் ரூல்ஸ்!"

"தட்டுனா தட்டுனதுதான்! நான் தோத்துட்டேன்!"

"அதெப்படி நீங்க தோப்பீங்க? தோத்தது நானு!"

ரெண்டு பேரும் தோற்பதற்கு அடித்துக்கொள்கிறார்கள், நான் நடுவில் விசிலோடு முழிக்கிறேன். கூட்டமோ "ரெப்ரி! ரெப்ரி!" என்று உயிரை எடுக்கிறது. கடைசியில் பெரட்டுக்களம் அதிரச் சொன்னேன், "ரெண்டு பேருக்கும் அரைப்பேர்!"

அரைப்பேர் என்றால் எங்கள் சனத்துக்குக் கோபம் வரும். கூ என்று கத்தினார்கள். அண்ணனும் மாஸ்டரும்கூட என்னைத்தான் திட்டினார்கள், ஒரே குரலில். அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சலூனில் குந்தியிருக்கும்போது பலகைச் சுவரில் ஆணி பிடுங்குகிற சத்தம். ஓட்டை திறந்தது. டீ கிளாஸ் வந்தது. அதன் பின்னால் மடித்த உடுப்பு ஒன்று வந்தது. அண்ணன் விரித்துப் பார்த்தார். அவருடைய தொப்பைக்கு அளவாக, முதுகில் மா மில் முத்திரையோடு கராத்தே உடுப்பு.

"விழுறதும் புடிக்கிறதும் நீங்க சொல்லிக் குடுங்க," என்றது ஓட்டை. "நிக்கிறத நான் பாத்துக்கிறேன். மண்டபத்துக்கு நேரத்தோட வாங்க."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் தலையில் தண்ணீரைப் பீச்சினார், தேவையில்லாமல். வகுப்பு நிறைந்துவிட்டது. ஹட்டனிலிருந்துகூடப் பிள்ளைகள் வந்தார்கள். விவாதம் மட்டும் நிற்கவேயில்லை.

சில வருசம் கழித்து எனக்கு லிந்துலைப் பக்கம் வேலை மாற்றம் வந்தது. போகிற அன்று சவரத்துக்கு உட்கார்ந்தேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்கண்ணே. ரூல்ஸ் யாருக்குத்தான் சாதகம்? புடிக்கிறவனுக்கா, அடிக்கிறவனுக்கா?"

பிளேடு நின்றது. அண்ணன் ஓட்டைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"பக்கத்துக் கடக்காரனுக்குத்தான் கிளாக்கரய்யா. அவருகிட்ட சொல்லிராதீங்க, மறுபடி சண்டைக்கு வந்துருவாரு."

பிளேடு வழக்கம்போல இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் தட்டவில்லை.