பல்லி சொன்ன மானிட்டர்

ஒரு காட்டில், இரண்டு வாசல் வைத்த வளை ஒன்றில், பெர்னதெத் என்கிற முயல் தன் ஒரே குட்டி ஜெனியோடு குடியிருந்தாள். கணவர் முயலுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கிடங்கில் வேலை. பண்டிகைக்குப் பண்டிகை வருவார், வந்ததும் தூங்குவார்.

பெர்னதெத்துக்கு உலகத்தில் ஒரே பயம்தான். நரி. அக்கம்பக்கத்தில் யாரோ ஒருவருடைய பின்வாசலில் நரியின் கால்தடம் இருந்ததாகக் கேள்விப்பட்ட அன்றே, தன் இரண்டு வாசலிலும் கேமரா மாட்டிவிட்டாள். ஆனால் அவளிடம் இருந்த லேப்டாப் பூவரச இலையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு சமயத்தில் ஒரு வாசல்தான் அதில் தெரியும். முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பின்வாசலில் என்னவோ என்று அதற்கு மாற்றுவாள். மாற்றியதும் முன்வாசலில் என்னவோ என்று தோன்றும். இப்படி மாற்றி மாற்றிப் பார்த்ததில் அவள் சாப்பிடவே மறந்துபோனாள்.

"பேசாம ஒரு வாசலை அடைச்சிடேன்டி" என்றாள் பக்கத்து வளைப் பெருச்சாளி.

"அடைச்சிட்டா எந்த வழியாக்கா ஓடுறது?"

"அதுவும் சரிதான். அப்ப பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கி லேப்டாப்போட சேர்த்து வை. இதுல ஒரு வாசல், அதுல ஒரு வாசல்."

நல்ல யோசனை. பெர்னதெத் ஜெனியை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடை குரங்குடையது. வாசலில் ஒரு பலகை தொங்கும்: 'கடைக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. மீறினால் வாரண்டி செல்லாது.' குரங்கு ஒரு மானிட்டரைத் துடைத்துக் காட்டியது. அதில் ஓடிய படத்தில் புல்லின் நுனியில் இருந்த பனித்துளிகூடத் தெரிந்தது.

"இதையே கட்டிக் குடுங்க" என்றாள் பெர்னதெத்.

சுவரில் "த்ச் த்ச் த்ச்" என்று சத்தம் கேட்டது.

கடையே நின்றுபோனது. பல்லி சொன்ன பிறகு அந்தக் காட்டில் யாரும் எதையும் வாங்குவதில்லை. அது மானிட்டர்களின் முதுகுப்பக்கமே குடியிருக்கும் பல்லி. ஒயர் சொருகுகிற எந்த போர்ட் எங்கே வரப்போகிறது, எது ஒழியப்போகிறது எல்லாம் அதற்குத்தான் முதலில் தெரியும் என்று காட்டில் ஒரு நம்பிக்கை. பல்லி சொல்லை நம்புவது பாவம் என்று கான்வென்டில் சிஸ்டர் கொக்கு ஒற்றைக்காலில் நின்று சொல்லிக் கொடுத்திருந்தார். பெர்னதெத்தும் நம்பவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"இப்ப வாங்காதே. மழைக்கு முன்னாடி புது மாடல் வருது. கரண்டுக்கு ஒரு ஒயர், படத்துக்கு ஒரு ஒயர்னு ரெண்டு கிடையாது. ஒரே ஒயர்தான்" என்றது பல்லி.

ஜெனிக்கு ஒயரைக் கண்டால் கடிக்காமல் இருக்க முடியாது. ஒயர் பாதியானால் கவலையும் பாதியாகும் என்று பெர்னதெத் கணக்குப் போட்டாள்.

"அப்ப மழைக்கு முன்னாடி வரேங்க."

குரங்கு பல்லியை முறைத்தது. "வாடகையில்லாம குடியிருக்கே. வியாபாரத்துல வேற மண்ணைப் போடுறே."

மழைக்கு முன்னால் புது மானிட்டர் வந்துவிட்டது. ஆனால் அதன் போர்ட் அரிசிமணி மாதிரி சின்னதாக, உருண்டையாக இருந்தது. பெர்னதெத்தின் லேப்டாப்பில் இருந்ததோ தவளை வாய் மாதிரி அகலமான பழைய போர்ட்.

"நடுவுல இந்தச் சின்ன கன்வர்ட்டரை மாட்டினா போதும்மா. ஓடிடும்" என்றது குரங்கு.

"த்ச் த்ச். ஓடும். ஆனா படம் கொஞ்சம் லேட்டா வரும்."

"கொஞ்சம்னா?" என்றாள் பெர்னதெத்.

"திரையில நரியோட மூக்கு வாசல்ல தெரியும். அந்நேரம் நிஜத்துல வாலே உள்ள போயிருக்கும்."

பெர்னதெத்துக்குக் காது இரண்டும் தொங்கிவிட்டது. பல்லி ஆறுதலாகச் சொன்னது: "பனிக்கு முன்னாடி இதே போர்ட் வச்ச லேப்டாப் வருது. ரெண்டையும் சேர்த்து வாங்கிக்கோ."

பனிக்கு முன்னால் லேப்டாப்பும் வந்தது. உடனே வாங்கிவிட்டாள். அதற்குள் அந்த மானிட்டர் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த லோடு வருகிற அன்று விடிந்தும் விடியாததுமாகக் கடைக்குப் போனால், வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் நின்றார். நரி.

"கைக்குழந்தையோட இருக்கீங்க, முன்னாடி போங்கம்மா" என்றது நரி. நல்ல மரியாதை தெரிந்த நரி.

"பரவால்லண்ணா, நீங்களே நில்லுங்க." நரிக்கு முதுகைக் காட்டி நிற்க அவளால் முடியவில்லை.

"மானிட்டரா? நானும் அதுக்குத்தான் வந்தேன். பருந்து கழுத்துல கேமரா கட்டிப் பறக்க விட்டிருக்கேன். காடு மொத்தமும் மேலேருந்து தெரியுது. என் திரைதான் பழசு. முயலும் கல்லும் ஒரே மாதிரி தெரியுது. போன வாரம் நல்லா கொழுகொழுன்னு ஒண்ணைப் பார்த்து ஆசையா போய்க் கடிச்சேன். இங்க பாருங்க." நரி வாயைத் திறந்து உடைந்த பல்லைக் காட்டியது. மற்ற பற்கள் நன்றாகத்தான் இருந்தன.

பெர்னதெத் ஜெனியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதாண்ணா?"

"மூக்குக்கெல்லாம் இப்ப யாரும்மா அப்டேட் விடுறாங்க?" நரி பெருமூச்சு விட்டது. "நானும் எத்தனையோ தடவை வாங்க வந்துட்டேன். வர்ற நேரமெல்லாம் அந்தப் பல்லி, பொறு, புதுசு வருதுங்குது. சரி, நல்லதா வரட்டும்னு நானும் பொறுத்துப் பொறுத்து இளைச்சுட்டேன்."

அப்போதுதான் பெர்னதெத்துக்கு உறைத்தது. ஜெனி இத்தனை நாள் உயிரோடு இருந்தது கேமராவால் அல்ல. பல்லியால்.

குரங்கு ஒரு பெட்டியைத் தூக்கி வந்து நரியின் முன்னால் வைத்தது. "சார், இதுல முயலோட மீசையைக்கூட எண்ணலாம் சார்."

நரியின் கை பைக்குள் போனது. பெர்னதெத் சுவரைப் பார்த்தாள். பல்லியின் வாயில் ஒரு கொழுத்த ஈசல், பாதி உள்ளே, பாதி வெளியே. அது இப்போதைக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. வயிற்றோடு கட்டியிருந்த ஜெனி புரண்டது.

"த்ச் த்ச் த்ச்."

கடை நின்றது. நரியின் கையும் நின்றது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சத்தம் வந்தது பெர்னதெத்தின் வாயிலிருந்து.

"அண்ணா, இதை வாங்காதீங்க. அடுத்த மாடல்ல வாசனை வருது."

"வாசனையா?"

"திரையில கல்லு இருந்தா கல்லு வாசனை. முயல் இருந்தா முயல் வாசனை. பின்னாடி அதுக்குன்னே தனி போர்ட் வைக்கிறாங்களாம். உங்க மிச்சப் பல்லாவது தப்பிக்கும்."

நரியின் கண் கலங்கிவிட்டது. "எப்பம்மா வருது?"

"மாங்காய் பழுக்கிறதுக்கு முன்னாடி."

எந்த வருஷத்து மாங்காய் என்று நரி கேட்கவில்லை. பையை மூடிவிட்டு, ஏதாவது சேதி வந்தால் கேட்டுக்கொள்ள அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனது.

குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. "இத்தனை நாள் ஒரு பல்லிதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு. சரி தாயே, நீயாவது வாங்குவியா?"

வாங்கத்தான் பெர்னதெத் பையைத் திறந்தாள். அதற்குள் பல்லி ஈசலை முழுங்கிவிட்டது.

"அந்த வாசனை மாடல் நெசந்தான். நானும் கேள்விப்பட்டேன்."

பெர்னதெத் யோசித்தாள். அது தன் வாயிலிருந்து இப்போதுதான் பிறந்த பொய் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பல்லியே சொல்லிவிட்டது. நரி வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் வாடை வளைக்குள் வந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி.

"அப்ப நானும் அதையே பார்த்து வாங்கிக்கறேங்க" என்று பையை மூடினாள்.

இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் நரி போன் செய்கிறது. "தங்கச்சி, வாசனை மாடல் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

பின்னால் தவளை கத்தினால் நரி குளத்தங்கரையில் இருக்கிறது என்று அர்த்தம். லாரி ஹாரன் கேட்டால் காட்டை விட்டே வெளியே இருக்கிறது. "இன்னும் கொஞ்ச நாள்ணா" என்று சொல்லிவிட்டு பெர்னதெத் சாப்பிட உட்காருவாள். நரியின் குரல் போனிலும் வாசலிலும் சேர்ந்தே கேட்டால் மட்டும் சொல்வதை மாற்றுவாள்.

"அண்ணா, இப்பதான் சேதி வந்துச்சு. முதல் பெட்டி கடைக்கு வந்து இறங்குதாம். ஓடுங்க."

நரி ஓடும்.

நீதி: அடுத்த மாடல் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், முதலில் அவர் பல்லைப் பாருங்கள். பிறகு தேதி சொல்லுங்கள்.